முதலில் எங்கே பார்த்தாய்

“அந்த அம்மாவ முதல்ல பாத்தப்போ உங்க வண்டி எங்க இருந்துச்சோ, அங்க போய் நில்லுங்க. நின்னுட்டு, அவங்க இருந்த பக்கமா கைய நீட்டுங்க,” என்றார் போலீஸ்காரர்.

என் தம்பி ஷூஹெய் நடந்தான். தெருமுனையில் ஆளுயரத்துக்கு மேல் குவிந்து கிடந்த பனிச்சுவருக்குப் பக்கத்தில் போய் முதலில் நின்றான். கையைத் தூக்கப் போனவன், என்ன நினைத்தானோ, திரும்பிப் பின்னால் நடந்தான். மூன்று வண்டி நீளம் தள்ளி, பெரிய சாலை ஓரத்தில் நின்று கையை நீட்டினான். இன்னொரு போலீஸ்காரர் படம் எடுத்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் விபத்து நடந்தால் இப்படித்தான். பார்த்த இடம், பிரேக் போட்ட இடம், மோதிய இடம் என்று ஒவ்வொன்றிலும் ஓட்டியவனை நிறுத்தி விரலை நீட்டச் சொல்லிப் படம் எடுப்பார்கள். நாளைக்குக் கேஸ் என்று போனால் அந்த விரல்தான் பேசும். நயோரோ என்ற எங்கள் ஊரின் ஜனவரி குளிரில் உதடு பிளக்க நின்று, அவன் நீட்டிய விரலையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேடிக்கை பார்க்க நாலைந்து பேர் வேறு நின்றார்கள். அவர்களில் இரண்டு பேர் நான் வேலை பார்க்கும் பெட்ரோல் பங்க்கின் வாடிக்கையாளர்கள். போய் வேலையைப் பாருங்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

நடந்தது இதுதான். ஷூஹெய்க்குப் பத்தொன்பது வயது. லைசென்ஸ் வாங்கி நாலு மாதம் ஆகிறது. விடுதிகளுக்குத் துண்டு, படுக்கை விரிப்பு கொண்டுபோய்ப் போடும் சலவைக் கடையில் வேன் ஓட்டினான். முந்தைய நாள் மதியம், பெரிய சாலையில் வலது பக்கம் திரும்பக் காத்திருந்திருக்கிறான். எதிரே வந்த பால் லாரி நின்று, போ என்று விளக்கைச் சிமிட்டி வழி விட்டிருக்கிறது. இவன் திரும்பியிருக்கிறான். பனிச்சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மா தெருவைக் கடக்க வந்திருக்கிறார். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய், அவரைப் பனிச்சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. இடுப்பெலும்பும் வலது கையும் நொறுங்கின. பெயர் நிஷிமோரி யசுயே. ஸ்டேஷன் பக்கத்தில் கணவனும் மனைவியுமாகச் சலூன் வைத்திருக்கிறார்கள்.

“ஐஸ்ல வழுக்கிடுச்சு” என்று ஷூஹெய் எல்லோரிடமும் சொன்னான். போலீஸ் தலையாட்டியது, சலவைக் கடை முதலாளி தலையாட்டினார், அண்டை வீட்டார் தலையாட்டினார்கள். ஹொக்கைடோவில் ஐஸ் என்று சொன்னால் தலையாட்டாதவர் யார்? அந்தத் திருப்பத்தில் வண்டிகள் நின்று நின்று கிளம்பி, டயர் தேய்த்துத் தேய்த்து, தரை முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்துக் கிடக்கிறது. நானே அங்கே நடக்கும்போது இரண்டு தடவை விழுந்திருக்கிறேன்.

ஆனால் அந்த வேனுக்குப் பனிக்கால டயர் மாட்டியவள் நான். இந்தச் சீசனில்தான் வாங்கிய புது டயர். திரும்புகிற வேகத்தில், மூன்று வண்டி நீளம் முன்னாலேயே பிரேக்கில் கால் வைத்திருந்தால், முகம் பார்க்கிற ஐஸாக இருந்தாலும் அந்த வண்டி நின்றிருக்கும். உரசிக்கொண்டாவது நின்றிருக்கும். எட்டு வருடமாக டயரோடு கிடக்கிறவள், எனக்கு இது தெரியாமல் இருக்குமா? அவன் நீட்டிய விரல் பொய் சொன்னது. அவன் முதலில் நின்ற இடம்தான் நிஜம்.

அன்று மாலை சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அப்பாவும் அம்மாவும் போனபின் எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான். அவன் மிசோ சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான்.

“டயர் நல்லாத்தான் இருந்துச்சு,” என்றேன்.

“நான் டயர ஒண்ணும் சொல்லலயே.”

“அதான்டா பயமா இருக்கு. நீ யாரையும் எதையும் குத்தம் சொல்ல மாட்டேங்கிற. கிளிப்பிள்ள மாதிரி ஐஸு ஐஸுங்கிற.”

“ஐஸ்தானே அக்கா.”

“போன் பாத்துட்டிருந்தியா?”

“போன் பின்னாடி கெடந்த கோட்டு பாக்கெட்ல இருந்துச்சு. வேணும்னா போலீஸக் கேளு.”

“அப்ப எதப் பாத்துட்டிருந்த?”

அவன் சூப்பைக் கீழே வைத்தான். எழுந்து போய், சாப்பிடாத கிண்ணத்தைத் தேய் தேய் என்று தேய்த்தான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயம். சொல்லிவிட்டால் எனக்கும் தெரிந்துவிடும். தெரிந்தபின் நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஜாதி இல்லை.

மறுநாள் காப்பீட்டுக்காரர் பங்க்குக்கே வந்தார். சுக்குடா என்று பெயர். பூட்ஸில் ஒட்டிய பனியை வாசலில் ஒழுங்காகத் தட்டிவிட்டு உள்ளே வந்து, அடுப்பருகே உட்கார்ந்து, ஏதோ வானிலை சொல்கிறவர் போலப் பேசினார்.

“அந்த அம்மா கோடு போட்ட இடத்துல கடக்கல. பனிச்சுவர் அடைச்சிட்டிருந்ததால சுத்தி வந்திருக்காங்க. தரையில ஐஸ். உங்க தம்பி தூரத்துலயே பாத்துட்டாரு, பிரேக் போட்டாரு, வழுக்கிடுச்சு. அவங்க பக்கமும் கொஞ்சம் தப்பு வரும். போலீஸும் பெருசா இழுக்காது.”

“பாக்காம இருந்திருந்தா?” என்று கேட்டுவிட்டேன். என் வாய் இருக்கிறதே.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். “கவனிக்காம ஓட்டினாருன்னு ஆச்சுன்னா கத வேற. லைசென்ஸ் போகும். குற்றம்னு பதிவாகும். ஏப்ரல்ல தீயணைப்புப் படையில சேரப் போறாருன்னு சொன்னீங்கல்ல? அத அவங்க என்ன பண்ணுவாங்கன்னு நான் சொல்லணுமா?”

சொல்ல வேண்டாம். அந்தத் தேர்வுக்காக அவன் இரண்டு வருடம் மண் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையில் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். தேர்வான கடிதம் வந்த அன்று, சிரிக்கத் தெரியாதவன் மாதிரி வாயைக் கோணிக்கொண்டு நின்றான். பிழைப்புக்கு ஒரு வழி கிடைத்தது என்பது மட்டும் இல்லை. எங்கள் அம்மா வீட்டில் மயங்கி விழுந்த அன்று அவளை மூன்றாவது மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்கியவர்கள் அந்தப் படையினர். அன்றிலிருந்து அவனுக்கு அது ஒன்றுதான்.

“ஆஸ்பத்திரிக்குப் போறதா இருந்தா மன்னிப்பு மட்டும் கேளுங்க,” என்றார் சுக்குடா. “ஏன், எப்படிங்கிற பேச்சே வேணாம்.”

நான் ஷூஹெய்யிடம் அதையே நூறு தடவை சொன்னேன். வழியில் சொன்னேன், வீட்டில் சொன்னேன், அப்பாவின் பழைய கறுப்புக் கோட்டை அவனுக்குப் போட்டுவிட்டுப் பொத்தான் மாட்டும்போதும் சொன்னேன். “பெரிய தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல வாயத் தொறந்த, நானே உன்ன ஐஸ்ல தள்ளி விட்டுடுவேன்.” அவன் சரி என்றான். எல்லாவற்றுக்கும் சரி என்றான்.

இனிப்புப் பெட்டி ஒன்று வாங்கி, நல்ல தாளில் சுற்றச் சொல்லி எடுத்துக்கொண்டு போனோம். மன்னிப்பு கேட்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. கொண்டுபோனதை வாங்குகிறார்களா, வாங்காமல் விடுகிறார்களா என்பதிலேயே பாதிப் பதில் தெரிந்துவிடும்.

ஆஸ்பத்திரி மூன்றாவது மாடியில், அந்த அம்மாவின் அறை வாசலில் எங்களுக்கு முன்னாலேயே ஒருவர் நின்றிருந்தார். நின்றிருந்தார் என்று சொல்லக் கூடாது. ரப்பர் பூட்ஸும் பால் நிறுவனத்து நீலச் சட்டையுமாக, இடுப்பிலிருந்து மடங்கி, தரையைப் பார்த்துக் குனிந்திருந்தார். அவர் கையிலும் ஒரு இனிப்புப் பெட்டி. எதிரே அந்த அம்மாவின் கணவர் நிஷிமோரி, மெலிந்த சின்ன உருவம், மழமழவென்று சவரம் செய்த முகம். மூன்று நாளாகத் தூங்காத கண்.

“நான் இவாதாதேங்க. பால் லாரி ஓட்டுறவன். நான்தான் ஆம்புலன்ஸக் கூப்பிட்டேன்,” என்று தரையைப் பார்த்தபடியே சொன்னார் அவர். “நான்தான் லைட்டச் சிமிட்டி அந்தப் பையனப் போகச் சொன்னேன். புதுசா ஓட்டுறவங்க ஒட்டுற இல ஸ்டிக்கர் வண்டியில இருந்துச்சு. பாவமேன்னு வழி விட்டேன். அந்த முனையில பனிச்சுவருக்குப் பின்னாடி ஆள் வருதான்னு எனக்கு மேல இருந்து தெரிஞ்சிருக்கணும். பாக்கல. தப்பு என்மேலதாங்க.”

“அவனப் போகச் சொன்னது நீங்களா?” நிஷிமோரியின் குரல் தாழ்ந்தே இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

“ஆமாங்க.”

“நீங்க நிக்காம உங்க வழியில போயிருந்தா அவன் அங்கயே நின்னிருப்பான்.”

“நின்னிருப்பாங்க.”

“என் பொண்டாட்டி அந்தப் பக்கம் போய்ச் சேந்திருப்பா.”

“ஆமாங்க.”

“உங்க மரியாதைய யாருய்யா கேட்டா?”

இவாதாதே இன்னும் கீழே குனிந்தார். எனக்கு முதலில் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன். அப்பாடா என்று இருந்தது. முன்பின் தெரியாத ஒரு மனிதர் வந்து, யாரும் கேட்காமலேயே பழியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார். நிஷிமோரியின் கோபம் நாங்கள் நிற்பதையே கவனிக்காமல் அவர்மேல் பாய்கிறது. இனி நாங்கள் போய் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். ஏப்ரல் பத்திரம். நான் ஷூஹெய்யின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன், கொஞ்சம் பொறு என்று.

அவன் என் கையை விலக்கினான்.

“அவரு மேல தப்பு இல்லைங்க,” என்றான்.

நிஷிமோரி திரும்பினார். இவாதாதேயும் நிமிர்ந்தார். குனிந்தே இருந்ததால் அவர் முகம் சிவந்திருந்தது.

“நான்தான் ஓட்டினேன். குமசாகா ஷூஹெய்.”

“மன்னிப்பக் கேளு,” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. “டேய்.”

“இவரு வழி விட்டாரு. லாரியோட இவரக் காக்க வெக்கக் கூடாதுன்னு சட்டுன்னு திரும்பினேன். திரும்பும்போதே இவருக்கு நன்றி சொல்லித் தல குனிஞ்சேன்.”

“அதுக்கென்ன தம்பி? எல்லாரும்தான் குனியிறோம்,” என்றார் இவாதாதே. “நானும் பதிலுக்குத் தலையாட்டினேனே.”

“நான் தலையாட்டல. நல்லாக் குனிஞ்சேன். புதுசா ஓட்டுறவன், அவரு வயசுல பெரியவரு, எனக்காக அவ்ளோ பெரிய வண்டிய நிறுத்தியிருக்காரு, சும்மா தலையாட்டினா திமிர்னு நெனப்பாருன்னு தோணுச்சு. ஸ்டியரிங்ல நெத்தி முட்டுற அளவுக்குக் குனிஞ்சேன். வண்டி ஓடிட்டேதான் இருந்துச்சு. நிமிந்தப்ப அவங்க கண்ணாடிக்கு முன்னாடி இருந்தாங்க.”

நர்ஸ் ஒருத்தி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்களைச் சுற்றிப் போனாள்.

“போலீஸ்ல தூரமா நின்னு கை காட்டினேன். அது பொய். அவ்ளோ தூரத்துல பாத்திருந்தா நிறுத்தியிருப்பேன். டயர் நல்ல டயரு.” அவன் என் பக்கம் பார்க்கவில்லை. “ஐஸ் இல்லைங்க காரணம். நான் பாக்கல.”

எங்கள் ஊரில் வழிவிட்டவருக்குத் தலை குனியாமல் போகிறவனை மனிதர்களில் சேர்க்க மாட்டார்கள். பிரேக் போடவும் கியர் மாற்றவும் அவனுக்கு டிரைவிங் ஸ்கூல் சொல்லித் தந்தது. குனி, நன்றாகக் குனி, அம்மா இல்லாத பிள்ளை என்று யாரும் சொல்லக் கூடாது என்று பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது நான். ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

நிஷிமோரி ஷூஹெய்யின் முன்னால் வந்து நின்றார். அவன் தோள் உயரம்தான் இருந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவர் கை எழவும் செய்தது. பாதியில் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார்.

“குனிஞ்சியா,” என்றார். “எம் பொண்டாட்டிய மோதினது, நீ குனிஞ்சதாலயா?”

“ஆமாங்க.”

அப்போது அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. “அந்தப் பையன உள்ள வரச் சொல்லுங்க. டேய்னு அதட்டினது அக்காவா? அவளும் வரட்டும்.”

உள்ளே போனோம். அந்த அம்மா தலையணையில் சாய்ந்து கிடந்தார். இடுப்புக்குக் கீழே போர்வை கூடாரம் போட்டிருந்தது. வலது கையைத் தூக்கிக் கட்டி, எலும்புக்குள் கம்பி செலுத்தியிருந்தார்கள். மருந்து வாடை. ஷூஹெய் கட்டிலருகே போனதும் பழக்கத்தில் குனியத் தொடங்கினான்.

“குனியாத,” என்றார் அவர்.

அவன் பாதியில் நின்றான்.

“நிமிந்து நில்லு. ஒன் மொகத்த நான் இப்பதான் பாக்குறேன். அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது ஒன் உச்சந்தலதான். ரெட்டச் சுழி, வலப்பக்கச் சுழி கொஞ்சம் முன்னாடி. முப்பது வருஷமா தலையப் பாக்குற தொழில், மறக்குமா? வண்டி வருது, ஓட்டுறவனுக்கு மொகமே இல்ல. போனத்தான் பாத்துட்டிருக்கான் படுபாவின்னு நெனச்சேன். இவருகிட்டயும் அதத்தான் சொன்னேன்.” மூச்சு வாங்கினார். “போலீஸ் வந்து, தூரத்துலயே பாத்துட்டானாம், ஐஸாம்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் ஒண்ணும் சொல்லல. வருவான்ல, வந்து எங்கிட்டயும் ஐஸ்னு சொல்லட்டும், அப்ப நாலு வார்த்த கேக்கலாம்னு படுத்திருந்தேன்.”

ஷூஹெய் கையைத் தொடையோடு ஒட்டி நிமிர்ந்து நின்றான்.

“போன்னு சொல்லியிருந்தா நல்லாத் திட்டியிருப்பேன். ஐஸ்னு சொல்லியிருந்தா அதுக்கும் மேல. நீ என்னடான்னா நன்றி சொன்னேங்கிற. இத வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லு.”

“தெரியலம்மா.”

“எனக்கும் தெரியல. பாரு. அன்னைக்குப் பாக்கல இல்ல, இப்பப் பாரு.”

அவன் பார்த்தான். நானும் பார்த்தேன். வீங்கிக் கறுத்த கை. கம்பி நுழைந்த இடங்களில் பஞ்சு. அவர் விரல்களை அசைக்க முயன்றார். மூன்று விரல் மெல்ல மடங்கின. கட்டைவிரலும் அதற்கு அடுத்ததும் அப்படியே விறைத்துக் கிடந்தன. கத்தரிக்கோல் பிடிக்கிற விரல்கள். நிஷிமோரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“போலீஸ்ல மாத்திச் சொன்னா ஒனக்கு என்ன ஆகும்?”

“லைசென்ஸ் போகும்மா. ஏப்ரல்ல தீயணைப்புப் படையில சேர இருந்தேன். அதுவும் போகும்னு நெனைக்கிறேன்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வார்த்தை போதும். எங்கிட்ட சொல்லிட்டல்ல, விடு, போலீஸுக்கெல்லாம் போக வேணாம் என்று அவர் சொன்னால் போதும். காயம்பட்டவரே சொல்லிவிட்டால் அப்புறம் யார் கேட்கப் போகிறார்கள்? நான் மனசுக்குள் அவர் காலில் விழுந்துகொண்டிருந்தேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தார்.

“ஒனக்கு நான் என்ன சொல்லணும்னு இருக்குன்னு ஒன் மொகத்துலயே எழுதியிருக்கும்மா. ஒன் எடத்துல நானா இருந்தாலும் அப்படித்தான் நிப்பேன்,” என்றார். “ஆனா நான் அதச் சொல்ல மாட்டேன்.”

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. எவ்வளவு அநியாயமான கோபம் என்று தெரிந்தே வந்தது. வந்த வேகத்திலேயே போயும் விட்டது. அந்த இரண்டு விரலையும் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்?

“போய்ச் சொல்லு,” என்றார் ஷூஹெய்யிடம். “அப்புறம் இங்க வா. இந்தக் கை சரியாகுதா இல்லையான்னு வந்து வந்து பாரு. சரியானாலும் வரணும், ஆகலன்னாலும் வரணும். கடிதம் போடுறது, பெட்டி குடுத்து அனுப்புறது, அதெல்லாம் எனக்கு வேணாம்.”

“வரேம்மா.”

“ம்.”

அவருக்கு வலி வந்துவிட்டது. நிஷிமோரி மணியை அழுத்தி நர்ஸைக் கூப்பிட்டார். வெளியே போங்க என்று எங்களிடம் கையால் சொல்லிவிட்டுத் திரையை இழுத்தார். ஷூஹெய் குனியவில்லை. முகமெல்லாம் நனைந்திருக்க, துடைக்கவும் இல்லாமல், திரை மூடும்வரை அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். நான்தான், கொடுக்காத இனிப்புப் பெட்டியோடு, குனிந்தேன். என் முகத்தை அவர்கள் பார்க்காமல் இருந்தால் போதும் என்று இருந்தது.